கடைசிக் கட்டம்

வெள்ளைத் தாளில் நான்கே வரி.
'ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து
என் பெயரை நீக்கித் தரவும்.'
கீழே கையெழுத்து: கிளீட்டஸ்.
மேசைமேல் வைத்துவிட்டு
மின்விசிறிக்கு நேராக நகர்ந்து நின்றார்.
குளச்சலில் அன்று காற்றே இல்லை.

இருபத்தாறு வருடமாக
இந்தப் பங்கு அலுவலகத்தில் எழுதுகிறேன்.
பாஸ்போர்ட்டுக்காகப் பெயரைத் திருத்த வருவார்கள்.
கப்பலில் சேர, பிறந்த தேதியை
இரண்டு வருடம் தள்ளிப் போடக் கேட்பார்கள்.
நீக்கச் சொல்லி வந்தவர் இவர் ஒருவர்தான்.

'சாமியார்கூட சண்டையா?'
'இல்ல.'
'வேற சபைக்கா?'
'எந்தச் சபைக்கும் இல்ல.
நம்பிக்கை இல்ல, அவ்வளவுதான்.
இல்லாத எடத்துல பேரு இருக்கது
கள்ளக் கணக்கு மாதிரி இருக்கு.'
போட்டு எஞ்சின் பழுது பார்க்கிறவர்.
நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

அறுபத்தாறாம் வருட ஏட்டை எடுத்தேன்.
சுனாமியன்று அலமாரியோடு தண்ணீரில் கிடந்தது.
பிரித்தால் இன்னும் மணல் உதிரும்.
மைப்பேனாவில் எழுதியதெல்லாம்
தேயிலைச் சாயமாகிப் போயிற்று.
அந்த வருடம் மட்டும் உபதேசியாருக்கு
சிலோனிலிருந்து யாரோ கொடுத்த பால்பாயிண்ட் பேனா.
அதனால் இவர் பெயர் நின்றிருந்தது,
தாளின் பின்புறம் தடவினால் புடைக்கும் அளவுக்கு:
அனக்கிளேத்துஸ்.
'இது நானா?' என்றார்.
அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

பங்குத்தந்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
'வெட்ட முடியாது. நடந்தது நடந்ததுதான்.
அழியாத முத்திரை.
ஆயருக்கு எழுதி உத்தரவு வந்தால்
கடைசிக் கட்டத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.'
கடைசிக் கட்டம் என்றால் 'குறிப்பு'.
உறுதிபூசுதல், கல்யாணம் எல்லாம் அங்கேதான் ஏறும்.
'அப்ப, வெளிய போறதயும்
உள்ளதான் எழுதுவீங்க' என்றார் கிளீட்டஸ்.
தந்தை பதில் சொல்லவில்லை.
கண்ணாடி முன்பே சுத்தமாகியிருந்தது.

உத்தரவு வர ஐந்து மாதம்.
அந்த ஐந்து மாதமும் வரி கட்டினார்.
பாக்கி வைத்துவிட்டுப் போக மாட்டாராம்.
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாட்சிக் கையெழுத்துக்கு
ஞானத்தகப்பனைக் கூட்டி வந்தார்.
தொபியாஸ், எண்பத்திரண்டு வயது.
ஆட்டோவிலிருந்து இறங்கவே பத்து நிமிடம்.
கைக்குழந்தை பேசாது என்பதால்
'பசாசை விட்டுவிடுகிறாயா?' என்றதற்கு
'விட்டுவிடுகிறேன்' என்றும்
'விசுவசிக்கிறாயா?' என்றதற்கு
'விசுவசிக்கிறேன்' என்றும்
இவருக்காக அன்று சொன்ன வாய்.
இப்போது அதில் மூன்று பல்.
கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.
மறுபடியும் ஒருமுறை.

'அன்னைக்கு ஒனக்குப் பதிலு நாந்தான சொன்னேன்.
சொன்னத நான் வச்சிக்கிடுதேன், மக்கா.
நீ போ.'

பேனாவை வாங்கி,
கட்டம் தாண்டி, அடுத்த பிள்ளையின் வரிவரைக்கும்
நீளமாகப் போட்டார் கையெழுத்து.

நான் எழுதினேன்.
தேதி, ஆயரின் கடித எண்,
'விலகுவதாக அறிவித்தார்.'
'விலகினார்' என்று எழுத உத்தரவில்லை.
கிளீட்டஸ் அதைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல்
கிழவரின் கக்கத்தில் கைகொடுத்துப் படியிறக்கினார்.

அலமாரியைப் பூட்டுமுன்
அறுபத்து மூன்றை எடுத்தேன்.
என் நாக்கில் உப்பு வைத்த வருடம்.
மைப்பேனாப் பக்கம்.
மேலிருந்து பதினோராவது வரி
நானாக இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு.
கரைந்தவர்களுக்கெல்லாம் சாட்சி விசாரித்து
புது ஏட்டில் நான்தான் எழுதினேன்,
இருநூற்றுப் பதினேழு பேர்.
என்னை எழுதவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.
பேனா இருபது வருடமாக
என் கையில்தான் இருக்கிறது.

நாளை ஞாயிறு.
இரண்டாம் பூசைக்கு முதல் வாசகம்
நான்தான் வாசிக்க வேண்டும்.